நமக்கெல்லாம் வராது, டிரெசரய்யா!

தோட்டத்து டிரெசர் வேலை என்பது, தனக்கு நோயே வராது என்று சத்தியம் செய்கிறவர்களை வரிசையில் நிற்கவைத்து வாயில் மருந்து ஊற்றுகிற வேலை.

மலாயாவில், குளுவாங் ஊரிலிருந்து மாட்டுவண்டித் தடத்தில் உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் அந்த வேலையைப் பல வருஷம் பார்த்தேன். நிஜ டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, துரை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், புண், பிரசவம், சாவு எல்லாம் டிரெசர் தலையில். அதில் கஷ்டம் ஒன்றுமில்லை. என் கஷ்டம் வேறு. நான் பிறவியிலேயே பயந்தவன். ஒரு தும்மல் வந்தால் அதற்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்று மனசு வரிசை கட்டிவிடும்.

உங்களிலும் என்னைப் போன்றவர்கள் இருப்பீர்கள். குடை இல்லாமல் வெளியே கால் வைக்காதவர்கள், தந்திச் சேவகனைத் தூரத்தில் பார்த்ததுமே வியர்த்துப் போகிறவர்கள். நம் வயிற்றெரிச்சல் நமக்குத்தான் தெரியும். நாம் எல்லாவற்றையும் யோசித்து யோசித்து நடப்போம். பக்கத்திலே ஒருவன் ஒன்றையும் யோசிக்காமல், ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்’ என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். பாதிக்குமேல் அவனுக்கு நல்லபடியாகவே நடந்தும் தொலையும். அப்படிப்பட்டவர்கள் நடுவில் நான் வெந்த கதைதான் இது.

கொய்னா வரிசை

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் குளிர்காய்ச்சல்தான் ராஜா. அதனால் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்திலேயே ஆளுக்கு ஒரு வாய் கொய்னா மருந்து கொடுக்கச் சொல்லி உத்தரவு. நாக்கில் பட்டால் மத்தியானம்வரை போகாத கசப்பு. ஜனங்கள் அதை வாயில் வாங்கி, எனக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, நேராக முதல் ரப்பர் மரத்துக்குப் பின்னால் போய்த் துப்புவார்கள். அவர்களில் வீராசாமி என்று ஒரு பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வடிக்கிறவன். நெடுநெடுவென்று இருப்பான், பள்ளத்து லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தான். மற்றவர்களாவது மறைந்துபோய்த் துப்பினார்கள். இவன் என் கண்ணெதிரிலேயே துப்பிவிட்டு, “காய்ச்சல் அந்த மேட்டு லயத்துக்குத்தான் வருது, நம்ம லயத்துப் பக்கம் வராதுங்க” என்பான். மேட்டு லயத்தில் போய்க் கேட்டால் அவர்கள் பள்ளத்து லயத்தைக் கைகாட்டினார்கள். காய்ச்சலுக்கென்று சொந்தமாக ஒரு லயம் கட்டிக் கொடுத்திருந்தால்கூட, அதில் குடியிருக்கிறவர்கள் அடுத்த தோட்டத்தைக் காட்டியிருப்பார்கள்.

நானோ ஒரு வேளை தவறாமல் கொய்னா குடித்தேன். காதுக்குள் எந்நேரமும் வண்டு இரைந்தது. அந்தி மங்குவதற்குள் கொசுவலைக்குள் புகுந்துகொள்வேன். சாக்கடைக்கெல்லாம் மண்ணெண்ணெய் தெளித்ததை நானே நடந்துபோய்ப் பார்ப்பேன். அந்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பல் கிட்டித்து, மூன்று கம்பளிக்கு அடியில் கிடுகிடுவென்று ஆடியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். என்னை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரைக்கும் தூக்கி வந்தவன் வீராசாமி. அவன் தோளில் குலுங்கிக்கொண்டே வந்தபோது, காய்ச்சலைவிட அவன் உடம்பு கல் மாதிரி இருந்ததுதான் எனக்குச் சுட்டது. கட்டிலில் என்னை இறக்கிவிட்டு, போர்வையை நன்றாகச் சொருகி, மிகுந்த பரிவோடு சொன்னான்:

“கொசு ஆள் பாத்துத்தான் கடிக்குது டிரெசரய்யா. படிச்ச ரத்தம் அதுக்கு ருசிபோல.”

பக்கத்துத் தோட்டத்து டிரெசர்

ஆற்றுக்கு அந்தப்புறத்துத் தோட்டத்தில் தம்பிமுத்து என்று ஒருவர் டிரெசராக இருந்தார். என்னைவிட இளையவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனைவி பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். இருவரும் சிரித்துக்கொண்டே வருவது ஆற்றங்கரையிலேயே கேட்கும். வைத்தியம் படித்த ஆள் செய்யக்கூடாது என்று எதையெல்லாம் சொல்வோமோ அத்தனையும் செய்வார். வழியில் ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிப்பார். கொசுவலையை மடித்து மீன் பிடிக்கக் கொடுத்துவிட்டார். வெறுங்காலோடு தோட்டம் முழுக்கச் சுற்றுவார். ஒரு நாள் படுத்ததில்லை.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். பொறுக்காதது என்னவென்றால், அவர் வந்தால் என் மனைவி மரகதம் சிரிப்பாள். என்னோடு இருக்கும்போது அவள் சிரிக்கும் சிரிப்பு வேறு. அது ஒரு மருந்து அளவுக்குத்தான் இருக்கும். தம்பிமுத்து ஏதாவது சொன்னால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். அவர்கள் போன பிறகு, “பாக்கியம் குடுத்து வச்சவ. வீட்ல எப்பவும் வெளிச்சமா இருக்கும்” என்பாள். எங்கள் வீட்டிலும் நல்ல அரிக்கன் விளக்கு இருந்தது என்று நான் பதில் சொன்னது இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஒரு ஞாயிறு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு செம்பில் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, ‘இதையாவது குடியும்’ என்றேன். தம்பிமுத்து செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரகதத்தின் பக்கம் திரும்பினார்:

“அண்ணி, அண்ணன் காய்ச்சலுக்கு இவ்வளவு மரியாதை குடுத்தா அது வேற யார் வீட்டுக்குப் போகும் சொல்லுங்க?”

செல்லாயி கட்டிய தூளி

செல்லாயி எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கிறவள். இரண்டு பிள்ளைகளைப் பிறந்த கையோடு பறிகொடுத்தவள். மூன்றாவது தடவை உண்டானபோது காலெல்லாம் வீங்கி, முகம் வெளுத்துப்போய் இருந்தாள். டவுன் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்விடு, வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். அவள் லயத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டுபோய் எனக்கு ஒன்றைக் காட்டினாள். உத்தரத்தில் பழைய சேலையைக் கட்டித் தூளி தயாராகத் தொங்கியது. பெண் பிள்ளை என்று அவளே முடிவு செய்து, பெயரும் வைத்துவிட்டாள். வெறுந்தூளியை ஆட்டிக்கொண்டே, ‘இது தங்கும்யா’ என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருஷம் எங்களுக்கு ஒரு பையன் பிறந்து இறந்தான். நான் விட்ட கவனிப்பு எதுவுமில்லை. மரகதத்தை ஏழாம் மாதமே சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தெரிந்தவர் வீட்டில் இருக்கவைத்தேன். தூளி கட்டவில்லை, துணி தைக்கவில்லை, பெயரைப் பற்றிப் பேசவிடவும் இல்லை. ஆசைப்பட்டுவிட்டு ஏமாறக் கூடாது என்று எண்ணினேன். ஆசைப்படாமலே ஏமாந்தோம். அவனுக்குப் பெயர்கூட இல்லாமல் போயிற்று என்று மரகதம் ஒரே ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான்.

செல்லாயிக்கு வலி வந்தது ரப்பர் மர நிரையில், வாளியும் கையுமாக இருந்தபோது. நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இரண்டு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்து எல்லாம் முடிந்திருந்தது. பெண் பிள்ளை. அழுத அழுகையில் மரத்துக் குரங்கெல்லாம் ஓடியது. கொழுகொழுவென்று, கைகால் உதறிக்கொண்டு, குறை சொல்ல எனக்கு ஓர் இடமும் வைக்காமல் பிறந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து தொப்புளைச் சுத்தம் செய்து கட்டினேன். கை தன் வேலையைச் செய்தது. நெஞ்சுக்குள் அடுப்பு எரிந்தது. ஒரு கூலிக்காரியின் குழந்தையைப் பார்த்து அப்படி எரியலாமா என்று கேட்காதீர்கள், எரிந்தது. வாசலில் மரகதம் வந்து நின்றிருந்தாள். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. செல்லாயி கட்டிலிலிருந்து அவளைப் பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னாள்:

“புள்ளைய வாசல்ல நிக்கிற அம்மாகிட்ட குடுங்கய்யா, கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டும். அடுத்தது உங்க வீட்டுலதான், பாருங்க.”

டுரியான் கன்று

செல்லாயி சொன்னது நடக்கவில்லை. அதை யாரும் பிறகு எடுத்துப் பேசவும் இல்லை. முத்தையா கங்காணி விஷயத்துக்கு வருகிறேன்.

முத்தையா கங்காணிக்குத் தலை முழுக்க நரைத்து, மேடேறினால் உதடு நீலம் பூக்கும். குழாயை வைத்துக் கேட்டால் நெஞ்சுத் துடிப்பு நொண்டி நொண்டி நடந்தது. மாதாந்தர டாக்டரும் கேட்டுவிட்டு, அவருக்குத் தெரியாமல் என்னிடம் உதட்டைப் பிதுக்கினார். அந்த வாரமே கங்காணி மலாய்க்காரர் கிராமமான கம்பத்திலிருந்து டுரியான் கன்றுகள் வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டார். டுரியான் காய்க்க ஏழெட்டு வருஷமாவது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் குழி தோண்டுவதை வேலியோரம் நின்று பார்த்தபோது எனக்கு இரக்கம் பொங்கியது. பாவம், வேறு யாரோ தின்னப்போகிறார்கள் என்று மரகதத்திடம் சொன்னேன். ‘நீங்களும் ஒண்ணு நடுங்களேன்’ என்றாள் அவள். நாம் இங்கே எத்தனை நாள் இருக்கப்போகிறோமோ, மாற்றல் வந்தால் என்ன செய்வது, மரம் பாதியில் பட்டுப்போனால் என்ன செய்வது என்று நான் நடவில்லை.

வருஷங்கள் போயின. உதட்டைப் பிதுக்கின டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார், அவருக்குப் பின் வந்தவரும் மாறிப் போனார். ஒரு ஜூன் மாதம் எங்கள் வீட்டு வாசலில் வாசனை ஆளைத் தூக்கியது. கங்காணி ஒரு கோணிப்பையோடு நின்றார். முதல் காய்ப்பு. அவரே அரிவாளால் பிளந்து, சுளையை எடுத்து என் கையில் வைத்தார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. இத்தனை வருஷத்தில் அதைவிட நல்ல பழம் நான் தின்றதில்லை. தின்னத் தின்ன வயிறு எரிந்ததற்குப் பழம் காரணமில்லை. என் வீட்டுப் பின்புறம் புல்தான் முளைத்திருந்தது. நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். விரலில் ஒட்டியதை நக்கிக்கொண்டே கங்காணி சொன்னார்:

“நெஞ்சு கெடக்குது விடுங்க. போன வாரம் மங்குஸ்தான் நட்டிருக்கேன், அது காய்க்க இன்னும் நாளாகும். ஆனா பழம் தேனா இருக்கும்.”

பெஞ்சியில் உட்கார்ந்தவர்கள்

ஒரு டவுன் ஆஸ்பத்திரியில் பெரிய டிரெசர் இடம் காலியானது. மனுப் போட்டேன். தம்பிமுத்துவும் போட்டார். இருவரும் ஒரே ரயிலில் நேர்காணலுக்குப் போனோம். அங்கே பெஞ்சியில் நாடு முழுவதிலிருந்தும் வந்த டிரெசர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முகத்திலும், ‘பாவம், இவங்க எல்லாம் வீணா வந்திருக்காங்க’ என்று எழுதியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் வேலை எனக்குத்தான் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆமாம், எனக்குத்தான்! தும்மலுக்குப் பயப்படுகிற நான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. புதுக் கோட்டு தைத்திருந்தேன். எந்தத் தெருவில் குடியிருப்பது என்று மரகதத்தோடு பேசி முடித்தாகிவிட்டது. அடுத்த தோட்டத்து ஆள்களெல்லாம் இனி என்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

வேலை, எல்லோருக்கும் கடைசியாக வந்து, பெஞ்சியில் உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்ற ஒரு மலாக்காக்காரருக்குக் கிடைத்தது. நல்ல ஆள்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். அன்று அவருடைய செருப்பைப் பார்த்தால்கூட எனக்கு ஆத்திரமாக இருந்தது. வெளியே வந்ததும் தம்பிமுத்து என்னை நேரே ஒரு மாமாக்கடைக்கு இழுத்துப்போனார். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் நடத்திய கடை. தம்பிமுத்து ஆட்டிறைச்சிக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டார். எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அந்த மலாக்காக்காரர் மேல் இருந்ததைவிட அதிகப் பொறாமை இப்போது எதிரே உட்கார்ந்து எலும்பு உறிஞ்சுகிற இந்த மனுஷன் மேல் வந்தது. தோற்றுப்போவதைக்கூட எனக்கு இவ்வளவு ருசியாகச் செய்யத் தெரியவில்லையே! என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து என் தட்டில் போட்டுச் சொன்னார்:

“இதைவிடப் பெருசா ஒண்ணு நமக்கு எடுத்து வச்சிருக்காங்கண்ணே. அதான் இதைக் குடுக்கல. சாப்பிடுங்க.”

பாக்கியம்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

பாக்கியத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் என்பதால் நானும் மரகதமும் ஆற்றைத் தாண்டிப் போனோம். காய்ச்சல் அவளுக்குப் புதிதல்ல. வரும், ஆட்டும், போகும். இரண்டாம் நாள் எழுந்து மீன் கழுவிக்கொண்டிருப்பாள். ஆனால் இந்தத் தடவை கண் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் கறுத்துப் போகிறதென்று மரகதத்திடம் சொல்லியிருக்கிறாள். மரகதம் வெளியே வந்து அதை என் காதில் சொன்னாள். கறுப்புத் தண்ணீர்க் காய்ச்சல், குளிர்காய்ச்சலிலேயே உயிரைக் கொண்டுபோகிற வகை. தம்பிமுத்துவை வாசலுக்கு இழுத்துவந்து, ‘இன்றைக்கே, இப்போதே, பெரிய ஆஸ்பத்திரிக்கு’ என்றேன். அவருக்கும் அந்த நோய் தெரியும். எத்தனையோ பேரை அவரே அனுப்பி வைத்திருக்கிறார். ‘அது இல்லண்ணே, இவளுக்கு அது இல்ல. போன தடவையும் இப்படித்தான் கண்ணு மஞ்சளாச்சு. நாளைக்குக் காலையில பாருங்க, எந்திரிச்சு உங்களுக்குக் காப்பி போடுவா’ என்றார். நான் கத்தினேன். ஆஸ்பத்திரித் தூக்குக்கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினேன். உள்ளேயிருந்து பாக்கியம், ‘அவரு சொல்றது சரிதான் அண்ணே, எனக்கு இப்ப தேவலை’ என்று குரல் கொடுத்தாள். குரல் கொடுத்துவிட்டுச் சிரித்தாள்கூட. தூக்குக்கட்டில் வந்து, வெறுமனே திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலையில் அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. அப்போது புறப்பட்டோம். ரயிலடிக்குப் போகும் வழியில், மூங்கில் புதர் ஓரம் கட்டிலை இறக்கிவைத்துத் தோள் மாற்றியபோது, போய்விட்டாள். தம்பிமுத்து அழவில்லை. தூக்கி வந்தவர்களைப் பார்த்து, ‘தூக்குங்க, ரயில் போயிடும்’ என்றார். மரகதம்தான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அத்தனை வருஷம் அந்த வீட்டு வெளிச்சத்தின் மேல் வைத்த என் கண்ணை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எல்லாம் முடிந்து, ஆற்றில் முழுகிவிட்டுக் கரையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தபோது, தண்ணீரைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

“நாளைக்குச் சரியாயிடும்னு நான் சொன்னேண்ணே. அவளும் அதை நம்பிட்டா.”

ஆள் குறைப்பு

பிறகு ரப்பர் விலை தரையில் விழுந்த காலம் வந்தது. பாதி மரத்தில் பால் வெட்டாமல் போட்டார்கள். லயங்களைக் காலிசெய்து, ஜனங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு வாரமும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, போகவேண்டியவர்களின் பெயர்களைப் படிப்பார். அடுத்த வாரம் தன் பெயர் இருக்கும் என்று நினைத்தவர் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் பெட்டி கட்டும்போது, அவனுக்குக் கயிறு பிடித்துக் கொடுத்துக்கொண்டே, ‘பாவம், இவன் வேலையில கொஞ்சம் சுணக்கம்’ என்று அனுதாபப்படுவார்கள்.

வீராசாமியின் பெயரும் வந்தது. அவன் தான் ஏதோ கல்யாணத்துக்குப் போய்வருகிற மாதிரி வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, ஆஸ்பத்திரிக்கு வந்தான். மடியில் சாக்குத் துண்டில் சுற்றிய பால்கத்தி. ஊரில் அவனுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை, தெரிந்தவர் யார் உயிரோடிருக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும், நினைத்து நினைத்துக் கலங்கியது நான்தான். கப்பலேறப் போகிறவனோ என்னைத் தேற்றினான். அவ்வளவு லேசாக ஒரு மனுஷன் இருக்க முடியுமா என்று அப்போதும் எனக்கு ஏக்கமாகவே இருந்தது. கத்தியை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னான்:

“துருப்பிடிக்காம எண்ணெய் மட்டும் தடவி வையுங்க டிரெசரய்யா. அடுத்த கப்பல்ல வந்துடுவேன், வேற கத்தி எனக்குக் கைக்கு வராது.”

ஒரே டிரெசர்

ஆஸ்பத்திரியில் கை வைக்கமாட்டார்கள் என்று எனக்குத் திடமான நம்பிக்கை. நோய் இருக்கிறவரை டிரெசர் வேண்டுமே! ஒரு நாள் துரை கூப்பிட்டார். இரண்டு தோட்டத்துக்கும் இனி ஒரே டிரெசர் போதுமாம். அது தம்பிமுத்துவாம். தனி ஆள், சிறு வீடு போதும், செலவு குறைவு என்று காரணம் சொன்னார். வெளியே வந்து மாமரத்தடியில் நின்றேன். மனைவி இறந்ததால் ஒருவருக்கு வேலை நிலைத்தது, அதைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷன் போக முடியுமா என்று எனக்கே தோன்றியது. தோன்றியும் பொறாமை நிற்கவில்லை.

நாங்கள் குளுவாங் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு சீன முதலாளியின், தௌக்கேயின், கடையில் முன்பாதியை வாடகைக்கு எடுத்து மருந்துக்கடை போட்டோம். தலைவலித் தைலம், பேதி மருந்து, சொறிக்குக் களிம்பு. மரகதம் கல்லாவில். சந்தையில் காசு நடமாட்டமே இல்லாத நேரம். என்னை அறிந்தவர்கள், நான் முதல் மாதமே பயந்து செத்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வேறு போக்கிடம் இல்லாத இடத்துக்கு வந்து சேர்ந்தபின், பயப்படுவதற்கு எனக்கு எதுவுமே அகப்படவில்லை. தம்பிமுத்து ஒரு நாள் கடைக்கு வந்தார். பூட்ஸ் போட்டிருந்தார். கையில் சொந்தத் தண்ணீர்ப் புட்டி. எங்கள் வீட்டுக் காப்பியைக்கூட, தண்ணீர் நன்றாகக் கொதித்ததா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைத்தார். மரகதம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் பாதி காலியாக இருந்த அலமாரிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார் தம்பிமுத்து. பார்க்கப் பார்க்க அவர் நெற்றியில் வியர்வை முத்துக் கட்டியது. ‘அண்ணே, ரப்பர் இன்னும் விழும்ங்கிறாங்க. யாரு வந்து வாங்குவாங்க? வாடகை குடுக்க முடியலைன்னா? அண்ணிக்கு உடம்புக்கு ஏதாவது வந்தா?’ என்றார். நான் ஒரு சீசாவைத் துடைத்து அலமாரியில் முன்னுக்குத் தள்ளி வைத்தபடி, ‘அதெல்லாம் நல்லா நடக்கும்’ என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கு உறைத்தது. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. அத்தனை வருஷமும் அந்த மாதிரி பார்த்தவன் நான். பிறகு சொன்னார்:

“எப்படிண்ணே இவ்வளவு தைரியமா சொல்றீங்க? நானா இருந்தா எனக்குத் தூக்கமே வராது.”

நல்லதே நடக்கும் என்று நம்புகிறவன் பாதி நாள் ஏமாறுகிறான், நடக்காது என்று நம்புகிறவன் மீதி நாள் ஏமாறுகிறான், இருவரில் நிம்மதியாகக் குறட்டை விட்டவன் முதலாமவன்தான் என்பதால், அந்தக் குறட்டைமேல் மட்டும் எனக்கு இன்னமும் வயிற்றெரிச்சல் தீரவில்லை.